உளச்சிகிச்சைக் கோட்பாடுகளும் நிறைவேற்று அதிகாரிகளுக்கான பயிற்றுவிப்பும்: திறன்களும் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவனங்களின் உயர்நிலை அதிகாரிகளுக்குத் தனிப்பட்ட முறையில் வழங்கப்படும் பயிற்றுவிப்பு, கடந்த முப்பது ஆண்டுகளில் உலகளாவிய தொழிலாக வளர்ந்துள்ளது. அதன் அடிப்படைத் திறன்கள் பல உளச்சிகிச்சையிலிருந்து பெறப்பட்டவை. எந்தக் கோட்பாடுகள் எவ்வாறு பெறப்பட்டன, அலுவலகச் சூழலில் அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, எங்கே பொருந்தாது போகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் துணையோடு விளக்குகிறது. உளச்சிகிச்சையிடமிருந்து பயிற்றுநர் பெறத்தக்கவற்றுள் தலையாயது, தம் பணி முடியும் இடத்தை அறிந்து அங்கே நிற்கும் ஒழுங்கு என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: உளச்சிகிச்சை, பயிற்றுவிப்பு, நிறைவேற்று அதிகாரி, ஒத்துணர்வு, உணர்வு இடப்பெயர்வு, இரகசியம் பேணல்.

1. முன்னுரை

பெரிய நிறுவனமொன்றில் உயர் பதவிக்கு வருபவர் எதிர்நோக்கும் இடர்களுட் பல, அவருடைய தொழில் அறிவில் உள்ள குறையால் எழுவதில்லை. பிறரோடு பழகும் முறை, தம்மைப் பற்றித் தாம் கொண்டுள்ள எண்ணம், பொறுப்பைத் தாங்கும்போது எழும் அச்சம் ஆகியவற்றிலிருந்தே அவை பிறக்கின்றன. விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு இக்கட்டுரை முழுவதும் கையாளப்படுகிறது.

ரொறன்ரோவில் உள்ள மென்பொருள் நிறுவனமொன்றிற் பன்னிரண்டு ஆண்டுகள் பொறியியலாளராகத் திறம்படப் பணியாற்றிய தமிழ்ப் பெண் ஒருவர், நாற்பது பேரைக் கொண்ட பிரிவுக்குத் தலைவியாக உயர்த்தப்படுகிறார். ஓராண்டுக்குள் அப்பிரிவு தேக்கமடைகிறது. தமக்குக் கீழுள்ளோர் எழுதும் ஒவ்வோர் அறிக்கையையும் அவர் இரவிரவாகத் திருத்துகிறார். சிறிய முடிவுகளைக்கூடப் பிறரிடம் விடுவதில்லை. திறமையான இருவர் வேலையை விட்டு விலகுகின்றனர். மனிதவளப் பிரிவு அவருக்கு ஒரு பயிற்றுநரை ஒழுங்குசெய்கிறது: ஆறு மாதம், பன்னிரண்டு அமர்வுகள், கட்டணம் நிறுவனத்தினுடையது.

பணியைப் பகிர்ந்தளிக்க வேண்டியதன் தேவையை ஒரு மணி நேர விரிவுரையில் அவருக்கு எடுத்துச் சொல்லிவிடலாம். ஆயின் அவர் அதனை ஏற்கெனவே அறிவார். அறிந்தும் செய்ய இயலாதிருப்பதே அவருடைய சிக்கல். அறிவுக்கும் செயலுக்கும் இடையே விழும் இந்த இடைவெளியை நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் துறை உளச்சிகிச்சை. ஆகவே பயிற்றுநர்கள் அதன் வாயிலைத் தட்டியது இயல்பே. அத்துறையிலிருந்து எதனை எடுத்துக்கொள்ளலாம், எதனை விட்டுவிட வேண்டும் என்பது இங்கு ஆராயப்படுகிறது.

2. சொல்லும் பொருளும்

ஹங்கேரியில் உள்ள கோச் என்னும் ஊரிற் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பெயரே ஆங்கிலத்தில் ‘கோச்’ என வழங்கலாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவர் தம்மைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தும் தனியாசிரியரை அச்சொல்லால் அழைத்தனர். பின்னர் அது விளையாட்டுத் துறைக்குச் சென்றது. அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்தது. ஒருவரை அவர் போக விரும்பும் இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது என்னும் கருத்து இவ்வரலாறு நெடுகிலும் இழையோடுகிறது.

உளத்துயரையும் உளநோயையும் முறையான பயிற்சி பெற்றவர் பேச்சின் வழியே தணிக்க முயலும் பணி உளச்சிகிச்சை. உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல் என்னும் சொற்கள் அதனினும் பரந்த ஆலோசனைப் பணியைக் குறிக்க இலங்கைத் தமிழ் வழக்கில் நிலைபெற்றுள்ளன. நிறைவேற்று அதிகாரி ஒருவர் தம் பணி சார்ந்த இலக்குகளை அடையத் துணைநிற்கும் தொழிலைக் குறிக்க இக்கட்டுரை ‘பயிற்றுவிப்பு’ என்ற சொல்லைக் கையாள்கிறது.

ஆற்றுப்படுத்தல் என்ற சொல் ஆற்றுப்படை இலக்கியங்களை நினைவூட்டுவது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் அவ்வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் மற்றொருவருக்குத் தாம் சென்று வந்த வழியையும் வள்ளலின் இயல்பையும் எடுத்துரைப்பதே அவ்வகைப் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றின் அமைப்பு. அங்கே வழி சொல்பவர் அவ்வழியில் நடந்து வந்தவர். அந்த அனுபவமே அவர் சொல்லுக்கு வலிமை தருகிறது. அலுவலகத்தில் இளையோருக்கு வழிகாட்டும் மூத்த அதிகாரி இந்நிலையில் நிற்பவர். உளச்சிகிச்சையாளரும் பயிற்றுநரும் நிற்கும் நிலை வேறு. எதிரே இருப்பவர் நடக்கவேண்டிய வழியில் அவர்கள் நடந்ததில்லை. அவ்வழி அவருடைய பேச்சிலிருந்தே புலப்படவேண்டும். தமக்குத் தெரிந்த வழியைச் சொல்லிவிடும் ஆவலை அடக்குவதே அவர்கள் முதலிற் பயிலும் திறன்.

3. இரு துறைகளின் சந்திப்பு

அலுவலகத்துக்குள் உளவியற் செவிமடுத்தல் நுழைந்த வரலாறு பயிற்றுவிப்பு என்ற தொழிலினும் பழையது. சிக்காகோ நகரை அண்மி இருந்த வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். தொடக்கத்தில் முன்கூட்டி வகுக்கப்பட்ட வினாக்களே கேட்கப்பட்டன. தொழிலாளர்களோ அவற்றை விட்டு விலகித் தம் மனத்தில் இருந்தவற்றையே பேசினர். ஆகவே நேர்காண்போர் குறுக்கிடாது கேட்கும் முறைக்கு மாறினர். 1936இல் அங்கே நிலையான ஆலோசனைத் திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இல் இலண்டனில் அமைக்கப்பட்ட டவிஸ்டொக் நிறுவனம், உளப்பகுப்பாய்வுக் கருத்துகளைப் பணியிடங்களை ஆராயப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் உளவியலாளர் ஹரி லெவின்சன், மேலதிகாரி - கீழ்ப்பணியாளர் உறவை உளப்பகுப்பாய்வு நோக்கில் விளக்கினார். பிரான்ஸில் உள்ள இன்சியாட் வணிகக் கல்லூரியில் மன்பிரெட் கெற்ஸ் டி விரீஸ், பொருளியலையும் உளப்பகுப்பாய்வையும் இணைத்துத் தலைமைத்துவத்தைக் கற்பித்தார்.

மற்றொரு வேர் விளையாட்டிலிருந்து வந்தது. திமோதி கால்வே 1974இல் டென்னிஸ் ஆட்டத்தின் அகநிலையைப் பற்றி எழுதிய நூல், எதிரணி ஆட்டக்காரரைவிடத் தன் மனத்துள் ஒலிக்கும் குறைகூறும் குரலே பெரிய தடை என்று கூறியது. அவரிடம் பயின்ற ஜோன் விற்மோர் 1992இல் வெளியிட்ட நூலின் வாயிலாக இலக்கு, நடப்புநிலை, தெரிவுகள், செயலுறுதி என்னும் நான்கு படிகளைக் கொண்ட உரையாடல் முறை பரவியது. 1995இல் சர்வதேசப் பயிற்றுநர் கூட்டமைப்பு தோன்றியது. 2000ஆம் ஆண்டில் சிட்னி பல்கலைக்கழகத்தில் அந்தனி கிராண்ட் பயிற்றுவிப்பு உளவியலுக்கெனத் தனி அலகொன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில், உளச்சிகிச்சைப் பள்ளிகள் ஒவ்வொன்றும் நிறைவேற்று அதிகாரிகளின் பயிற்றுவிப்புக்கு என்ன தரவல்லது என்று வரிசைப்படுத்தி புரூஸ் பெல்ரியர் ஒரு நூல் எழுதினார். இரு வேர்களும் இவ்வாறு ஒன்றிணைந்தன.

4. கோட்பாடுகளும் திறன்களும்

4.1 செவிமடுத்தல்

காள் றொஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையொன்றில் உளமாற்றம் நிகழ்வதற்கு ஆறு நிலைமைகள் வேண்டும் என்றார். அவற்றுள் மூன்று சிகிச்சையாளரின் மனநிலையைப் பற்றியவை: உள்ளும் புறமும் ஒத்திருத்தல், நிபந்தனையற்ற ஏற்பு, ஒத்துணர்வு. 1942இல் வெளிவந்த அவருடைய நூலில், ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒரு முழுச் சிகிச்சையின் உரையாடல் அச்சேறியது. மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்ந்த பேச்சு, அதனால் திறனாகக் கற்கத்தக்க ஒன்றாயிற்று.

ஒத்துணர்வு என்பது இரக்கம் காட்டுவதன்று. எதிரே இருப்பவர் உலகத்தை எவ்வாறு காண்கிறார் என்பதை அவருடைய கண்ணால் கண்டு, கண்டதை அவருக்கே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதே அது. மேற்கூறிய பிரிவுத் தலைவி, “என் குழுவினர் கவனக்குறைவானவர்கள்” என்கிறார். “எல்லாக் குழுக்களும் அப்படித்தான்” என்று சொல்லும் பயிற்றுநர் அவருக்கு ஆறுதல் அளிக்கிறார். “அவர்களை நம்பிப் பாருங்கள்” என்பவர் அறிவுரை கூறுகிறார். “ஒவ்வோர் அறிக்கையும் உங்கள் பெயரிலேயே வெளியே போகிறது, அதில் ஒரு பிழை இருந்தாலும் அது உங்கள் பிழை என்று ஆகிவிடும்போல இருக்கிறது” என்பவர் செவிமடுத்திருக்கிறார். முதலிரண்டு மறுமொழிகளுக்குப் பின் உரையாடல் குழுவைப் பற்றியே தொடரும். மூன்றாவதற்குப் பின் அது தலைவியைப் பற்றியதாக மாறக்கூடும்.

உயர் பதவியில் இருப்போருக்கு இத்திறன் வேறொரு காரணத்தாலும் பயனுடையது. பதவி உயர உயர, ஒளிவின்றிப் பேசத்தக்கவர் தொகை குறைகிறது. கீழுள்ளோரிடம் அச்சத்தை வெளிக்காட்ட இயலாது. மேலுள்ளோரிடம் ஐயத்தைச் சொல்ல இயலாது. நலன் எதுவும் நாடாது கேட்கும் ஒருவர் அவ்விடத்தில் அரியவர்.

4.2 எண்ணங்களைச் சோதித்தல்

1960களில் பிலடெல்பியாவில் ஆரன் பெக், மனச்சோர்வுற்றோரின் பேச்சில் தாமாகவே எழுந்து மறையும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்தார். நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய எண்ணங்களே உணர்ச்சியை விளைவிக்கின்றன என்ற கருத்தை அல்பேர்ட் எல்லிஸும் 1950களின் நடுப்பகுதியிலிருந்து வலியுறுத்தி வந்தார். இவ்விருவரின் பணியிலிருந்து வளர்ந்ததே அறிகை நடத்தைச் சிகிச்சை.

பயிற்றுவிப்புக்கு இது எளிதிற் பொருந்துகிறது. அறிக்கையைத் திருத்தாமல் விடும் தறுவாயில் மனத்தில் ஓடுவது என்ன என்று வினவும்போது தலைவி, “பிழை வெளியே தெரிந்தால், நான் இந்தப் பதவிக்குத் தகுதியற்றவள் என்று எல்லாரும் அறிந்துவிடுவார்கள்” என்கிறார். இத்தகைய அச்சத்தைப் போலீன் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 1978இல், சாதனை படைத்த பெண்களிடம் கண்டு விவரித்தனர். அந்த எண்ணம் தவறு என்று வாதிடுவது அறிகை முறையின் வழியன்று. துணைநாடியும் சிகிச்சையாளரும் இணைந்து அதனைச் சோதனைக்கு உட்படுத்துவதே பெக் காட்டிய வழி. இடர் குறைந்த மூன்று அறிக்கைகளை இரு வாரங்களுக்குத் தலைவி திருத்தாமல் விடுகிறார். என்ன நிகழும் என்று தாம் அஞ்சுவதை முன்கூட்டியே எழுதிவைக்கிறார். பின்னர் நிகழ்ந்ததை அதனோடு ஒப்பிடுகிறார். பிழைகள் நேர்ந்திருக்கலாம், அவற்றால் விளைந்தது எவ்வளவு என்பதே அவர் கண்டறிய வேண்டியது.

இங்கே பயிற்றுநர் கடன்வாங்குவது எண்ணத்தைச் சோதிக்கும் முறையை மட்டுமே. நோயின் கடுமையை அளத்தல், அது மீண்டும் தலைதூக்குவதைத் தடுத்தல் போன்றவை சிகிச்சைக்கே உரியன.

4.3 இருமனமும் தீர்வை நோக்கிய வினாக்களும்

மதுப் பழக்கத்திலிருந்து விடுபட முயல்வோரிடம் பணியாற்றிய வில்லியம் மில்லர் 1983இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் றொல்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக விரித்த முறை, ஊக்குவிப்பு நேர்காணல் எனப்படுகிறது. மாற விரும்புபவரிடம் மாறாதிருக்கும் விருப்பமும் உடனிருக்கிறது என்பது அதன் அடிப்படை. ஒரு பக்கத்துக்காகச் சிகிச்சையாளர் வாதிட்டால், மறுபக்கத்துக்காகத் துணைநாடி வாதிடத் தொடங்குகிறார். தம் வாயாற் சொன்னதைத் தாமே நம்பியும் விடுகிறார்.

பணியைப் பகிர்வதன் நன்மைகளைப் பயிற்றுநர் அடுக்கினால், “என் குழு இன்னும் ஆயத்தமாக இல்லை” என்பதற்கான சான்றுகளைத் தலைவி அடுக்குவார். அதற்கு மாறாக, “இவ்வாறே இன்னும் ஓராண்டு தொடர்ந்தால் எவற்றைக் காப்பாற்றிக்கொள்வீர்கள்? எவற்றை இழப்பீர்கள்?” என்ற வினா இரு மனங்களுக்கும் இடமளிக்கிறது. றொபேர்ட் கீகனும் லிசா லேகியும் 2009இல் வெளியிட்ட நூல், மாற்றத்தைத் தடுப்பது சோம்பலன்று என்றும், மறைவாக இயங்கும் மற்றொரு பற்றுறுதியே என்றும் விளக்கியது. தலைவியிடம் அது ‘ஒருபோதும் பிழை செய்யாதவள்’ என்ற பெயரைக் காப்பதாக இருக்கலாம்.

மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பேர்க்கும் உருவாக்கிய தீர்வு நோக்குக் குறுஞ்சிகிச்சை, சிக்கலின் வேரைத் தேடாது, சிக்கல் இல்லாதிருந்த வேளைகளைத் தேடுகிறது. “உங்கள் குழுவின் மீது உள்ள நம்பிக்கையை 0 முதல் 10 வரை மதிப்பிட்டால் எங்கே நிற்கிறீர்கள்?” என்று கேட்டு, “4” என்று விடை வந்தால், “2 ஆக இல்லாமல் 4 ஆக இருப்பதற்குக் காரணம் என்ன?” என்று வினவுவது அதன் பாணி. விடை சொல்பவர் தம்மிடம் ஏற்கெனவே உள்ளவற்றை எண்ணத் தொடங்குகிறார். அமர்வுகள் குறைவாகவும் இலக்கு தெளிவாகவும் உள்ள பயிற்றுவிப்புக்கு இம்முறை மிகவும் உகந்தது.

4.4 உறவில் விழும் நிழல்

கடந்தகால உறவுகளின் உணர்ச்சிகளைத் துணைநாடி சிகிச்சையாளர் மீது ஏற்றிக் காண்பதை சிக்மண்ட் பிராய்ட் உணர்வு இடப்பெயர்வு என்று விளக்கினார். துணைநாடியின் முன்னிலையில் சிகிச்சையாளரிடம் எழும் உணர்ச்சியை அவர் ஒரு தடையாகக் கண்டார். 1950இல் இலண்டனைச் சேர்ந்த போலா ஹைமன், அவ்வுணர்ச்சியே துணைநாடியை அறிவதற்கான கருவியும் ஆகும் என்று எழுதினார்.

தலைவி ஒவ்வோர் அமர்வுக்கும் தாம் செய்து முடித்தவற்றின் பட்டியலோடு வருகிறார். ஒன்று விடுபட்டிருந்தால் மன்னிப்புக் கேட்கிறார். மூன்றாம் அமர்வில் பயிற்றுநர், தாம் ஒரு தேர்வாளரைப்போல அமர்ந்து புள்ளி வழங்கிக்கொண்டிருப்பதை உணர்கிறார். உளச்சிகிச்சையில் இக்கவனிப்பு இளமைக்காலத்துக்கு இட்டுச் செல்லக்கூடும்: பள்ளி அறிக்கையைக் கையில் வாங்கியவர் யார், அப்போது என்ன நிகழ்ந்தது என்ற வினாக்கள் எழும். பயிற்றுநர் அக்கதவைத் திறப்பதில்லை. “நீங்கள் இங்கே என்னிடம் கணக்கு ஒப்புவிப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது. உங்கள் குழுவினர் உங்களிடம் வரும்போதும் இப்படித்தான் உணர்கிறார்களோ?” என்று கேட்பதோடு அவர் நிற்கிறார். அறையில் நிகழ்ந்தது பணியிடத்தோடு இணைக்கப்படுகிறது. குழந்தைப் பருவம் தோண்டப்படாமல் விடப்படுகிறது. அறிவு ஒன்றே, அதனைப் பயன்படுத்தும் ஆழம் வேறு.

தம் உணர்ச்சியைத் தாமே எப்போதும் சரியாகப் படிக்க எவராலும் இயலாது. அதனாலேயே உளச்சிகிச்சையாளர் தம் பணியை மற்றொருவரின் மேற்பார்வைக்கு உட்படுத்துகின்றனர். பயிற்றுநர்கள் உளச்சிகிச்சையிடமிருந்து கடன்வாங்க மறந்துவிடும் வழக்கம் இதுவே.

4.5 தனியாளும் நிறுவனமும்

இசபெல் மென்சிஸ் 1960இல் வெளியிட்ட ஆய்வு, இலண்டன் போதனா மருத்துவமனையொன்றின் தாதியரைப் பற்றியது. நோயையும் இறப்பையும் அன்றாடம் எதிர்கொள்வதால் எழும் பதற்றத்தைத் தாங்க, அம்மருத்துவமனை தன் வேலைமுறையையே ஓர் அரணாக அமைத்திருந்தது என்று அவர் கண்டார். தாதியரின் பணி சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நோயாளர் பெயரின்றிக் கட்டில் இலக்கத்தாற் சுட்டப்பட்டனர். ஒவ்வொரு முடிவும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கப்பட்டது.

இந்நோக்கிற் பார்த்தால் பிரிவுத் தலைவியின் இரவுநேரத் திருத்தம் அவருடைய குணக்குறை மட்டும் என்று கொள்ள இயலாது. பிழை செய்தவரைத் தேடித் தண்டிக்கும் நிறுவனத்தில், அனைத்தையும் சரிபார்ப்பது அறிவார்ந்த தற்காப்பு. அவரை மட்டும் மாற்ற முயலும் பயிற்றுநர், நிறுவனத்தின் நோயை ஒருவர் தலையில் ஏற்றிவிடும் ஆபத்து உண்டு.

5. கட்டணம் செலுத்தும் மூன்றாம் தரப்பு

உளச்சிகிச்சையின் திறன்கள் அலுவலகத்துக்கு வரும்போது மாறிவிடும் முதன்மையான நிலைமை இதுவே. உளச்சிகிச்சையிற் பெரும்பாலும் அறைக்குள் இருவரே உள்ளனர். கட்டணத்தைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தினாலும், சிகிச்சையின் இலக்கு துணைநாடியின் நலம். பயிற்றுவிப்பில் நிறுவனமும் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறது. இலக்கை வகுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. விளைவை அறியும் விருப்பமும் உண்டு.

எட்வேர்ட் போர்டின் 1979இல், எந்த வகைச் சிகிச்சைக்கும் பணிக்கூட்டு மூன்று கூறுகளால் ஆனது என்றார்: இலக்கில் உடன்பாடு, செய்யவேண்டியவற்றில் உடன்பாடு, இருவருக்கிடையே பிணைப்பு. பயிற்றுவிப்பு ஆய்வுகள் 27 மாதிரிகளை ஒருங்கே நோக்கிய 2020ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று, இக்கூட்டு வலுவாக இருந்த இடங்களிற் பயனும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நிறுவனத்தின் இலக்கும் பயிற்சி பெறுபவரின் இலக்கும் வேறுபட்டால், இக்கூட்டின் முதற்கூறே தளர்கிறது.

செவிமடுத்தலின் ஆற்றல் இங்கேதான் ஆபத்தாகவும் மாறுகிறது. றொஜர்ஸின் வழியில் நன்கு கேட்கப்படும் ஒருவர், தாம் சொல்ல எண்ணியிராதவற்றையும் சொல்லிவிடுவார். தலைவி ஐந்தாம் அமர்வில், தாம் வேலையை விட எண்ணுவதாகக் கூறலாம். தம் திருமண வாழ்வின் முறிவைப் பற்றிப் பேசலாம். அடுத்த வாரம் மனிதவளப் பிரிவு, “எப்படிப் போகிறது?” என்று பயிற்றுநரிடம் கேட்கும். அப்போது சொல்லத்தக்கது எது என்பதை அந்த வாரத்தில் முடிவுசெய்ய இயலாது. முதல் அமர்வுக்கு முன்னரே முத்தரப்பும் கூடி எழுத்தில் உடன்பட்டிருக்க வேண்டும். நிறுவனத்துக்கு அமர்வுகளின் தொகையும் பொதுவான இலக்குகளும் மட்டுமே தெரிவிக்கப்படும், முன்னேற்றத்தைப் பயிற்சி பெறுபவரே எடுத்துரைப்பார் என்பது தகுந்த ஏற்பாடு.

ஹோதோர்ன் ஆலோசனைத் திட்டத்தின் மீது பின்னாளில் எழுந்த குறைகூறலும் இதனை ஒட்டியதே. ஆலோசகர் தொழிலாளரின் மனக்குறையைப் பொறுமையோடு கேட்டனர். அக்குறைக்குக் காரணமான நிலைமையை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கவில்லை. நிறுவனத்தின் பொருட்டு மனத்தை அமைதிப்படுத்தும் கருவியாகச் செவிமடுத்தல் பயன்பட்டது என்றனர் விமர்சகர். இக்கேள்வியை ஒவ்வொரு பயிற்றுநரும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

6. எல்லையை அறிதல்

2002 ஜூன் மாத ஹார்வர்ட் பிஸ்னஸ் றிவியூ இதழில் உளவியலாளர் ஸ்டீவன் பேர்க்லாஸ், உளவியற் பயிற்சியற்ற பயிற்றுநர்களால் விளையும் தீங்குகளைப் பற்றி எழுதினார். ஆழ்ந்த உளச்சிக்கலின் வெளிப்பாட்டை வெறும் நடத்தைக் குறையாகக் கருதிப் பயிற்சியளித்தால், நிலைமை மோசமடையக்கூடும் என்பது அவர் வாதம். அவுஸ்திரேலியாவில் வாழ்க்கைப் பயிற்றுவிப்பு ஆய்வுகளுக்கு முன்வந்தோருள், ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, கால் பங்கினர் முதல் ஏறத்தாழப் பாதிப்பேர் வரை சிகிச்சை தேவைப்படும் அளவிலான உளத்துயர் உடையோராக இருந்தனர். பயிற்றுநரின் கதவைத் தட்டுபவர் எல்லாரும் நலமுடையோர் என்ற எடுகோள் பிழையானது.

தலைவியின் நிலையையே மீண்டும் நோக்கலாம். அவருடைய இரவுநேர விழிப்பு, பணிப்பற்றாக இருக்கலாம். பிழையஞ்சும் மனமாக இருக்கலாம். மனச்சோர்வு நோயால் உறக்கம் கெட்டதாகவும் இருக்கலாம். இரு வாரங்களுக்கு மேலாக நாளின் பெரும்பகுதியில் நீடிக்கும் மனச்சோர்வு, முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை, உறக்கத்திலும் பசியிலும் மாற்றம், தம்மைப் பயனற்றவராகக் கருதுதல், கவனம் சிதறுதல் ஆகியவை ஒன்றுகூடி வருமாயின் அது மருத்துவர் ஆராய வேண்டிய நிலை. மதுவின் துணையின்றி உறங்க இயலாமை, பழைய கொடுநிகழ்வொன்று மீண்டும் மீண்டும் கண்முன் தோன்றுதல் என்பனவும் அவ்வாறே. நோயைப் பெயரிட்டுச் சொல்வது பயிற்றுநரின் பணியன்று. இது தம் பணிக்கு அப்பாற்பட்டது என்று இனங்காண்பது அவருடைய பணி. வாழ விருப்பமில்லை என்ற சொல் எழுந்தால், இலக்குகளும் கால அட்டவணையும் ஒதுக்கிவைக்கப்பட்டு, அவருடைய பாதுகாப்பே அக்கணத்தின் வேலையாக வேண்டும். கனடாவில் 2023 நவம்பர் 30 முதல் இயங்கும் 988 என்ற உதவி எண் இத்தகைய வேளைக்கு உரியது.

சட்டமும் இவ்வெல்லையை வரைகிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் 2007இல் உளச்சிகிச்சைச் சட்டம் நிறைவேறியது. 2015 ஏப்ரலில் பதிவுபெற்ற உளச்சிகிச்சையாளர் கல்லூரி தொழிற்படத் தொடங்கியது. சிந்தனை, மனநிலை, உணர்ச்சிக் கட்டுப்பாடு முதலியவற்றின் கடும் குலைவுக்கு உளச்சிகிச்சை முறையால் சிகிச்சையளிப்பது, 2017 டிசம்பர் 30 முதல் உரிமம் பெற்ற தொழிலாளருக்கு மட்டும் உரிய செயலாயிற்று. பயிற்றுநர் என்ற பெயருக்கோ அத்தகைய காப்பு இல்லை. விரும்பிய எவரும் அதனைச் சூடிக்கொள்ளலாம். ஆகவே ஒரு தொழிலுக்குச் சட்டம் விதிக்கும் எல்லையை மற்றொரு தொழில் தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டியுள்ளது.

சிகிச்சையாளரிடம் அனுப்பிவைக்கும் முறையும் ஒரு திறனே. “உங்களுக்கு நான் உதவ இயலாது” என்ற சொல், துணிந்து மனந்திறந்தவரைக் கைவிடுவதாக அமையும். “நீங்கள் இன்று சொன்னதற்கு என் பயிற்சியை விட ஆழ்ந்த பயிற்சி உடையவர் வேண்டும். அவரை நீங்கள் சந்திக்கும்வரை நாம் தொடர்பில் இருப்போம்” என்பது உறவைக் காத்து வழியையும் திறக்கிறது. நம்பத்தக்க சிகிச்சையாளர் சிலரின் விவரங்களைத் தேவை எழுமுன்னரே பயிற்றுநர் திரட்டி வைத்திருத்தல் நன்று.

7. புலம்பெயர் தமிழ்ச் சூழலுக்கு இதன் பொருத்தம்

உளச்சிகிச்சை என்ற சொல்லே தயக்கத்தைத் தரும் குடும்பங்கள் தமிழரிடையே இன்றும் உள்ளன. சிகிச்சையாளரைச் சந்திப்பது குறைபாட்டின் அடையாளமாகவும், நிறுவனம் செலவிட்டு வழங்கும் பயிற்றுவிப்பு மதிப்பின் அடையாளமாகவும் கருதப்படும் இடத்தில், சிகிச்சை தேவைப்படுபவர் கௌரவமான பெயருடைய கதவைத் தேர்வது இயல்பு. அவ்வகையில், போரும் இடப்பெயர்வும் விட்டுச்சென்ற காயத்தோடு வாழ்பவர் உதவிபெறத் தேர்ந்துகொள்ளும் முதற்கதவும் பயிற்றுநரின் கதவாகவே இருக்கலாம். அதனை எல்லை மீறலுக்கான அழைப்பாகக் கொள்ளலாகாது. உரிய இடத்துக்கு அவரைக் கொண்டுசேர்க்கும் வாய்ப்பாகக் கொள்ளவேண்டும்.

மொழியும் கருதத்தக்கது. அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசுபவர், அச்சத்தையும் வெட்கத்தையும் தமிழில் உணர்பவராக இருக்கக்கூடும். மேற்கூறிய 988 சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமே நடைபெறுகிறது. தமிழில் உரையாடவல்ல சிகிச்சையாளர், பயிற்றுநர் ஆகியோரின் தேவையும், இரு துறைகளுக்கும் தெளிவான தமிழ்க் கலைச்சொற்களின் தேவையும் இதனால் விளங்கும். இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம், அவற்றின் எல்லையையும் மங்கச் செய்துவிடும்.

8. முடிவுரை

18 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த பகுப்பாய்வு, நிறுவனங்களில் வழங்கப்படும் பயிற்றுவிப்பு செயற்றிறன், நல்வாழ்வு, சமாளிக்கும் ஆற்றல், பணி சார்ந்த மனப்பாங்கு, இலக்குநோக்கிய தன்னெறிப்பாடு ஆகிய ஐந்திலும் பயன் தருவதாகக் கண்டது. அப்பயனின் பின்னே றொஜர்ஸின் செவிமடுத்தலும், பெக்கின் சோதனையும், மில்லரின் பொறுமையும், பிராய்ட்டின் வழிவந்தோரின் கூர்நோக்கும் உள்ளன. அவற்றைப் பயிற்றுநர் கற்பது வரவேற்கத்தக்கது.

ஆயின் அத்திறன்கள் மனத்தின் கதவைத் திறப்பவை. திறந்த பின் உள்ளே என்ன இருக்கும் என்பதைத் திறப்பவர் முன்கூட்டி அறிய இயலாது. உளச்சிகிச்சை தன் திறன்களோடு இரகசியம் பேணல், மேற்பார்வை, தகைமைக்கு உட்பட்டுப் பணியாற்றல், உரியவரிடம் அனுப்பிவைத்தல் என்னும் காவல்களையும் சேர்த்தே வளர்த்தது. திறன்களை மட்டும் எடுத்துக்கொண்டு காவல்களை விட்டுவிடும் பயிற்றுவிப்பு, தன்னை நம்பி மனந்திறந்தவரைக் காப்பின்றி நிறுத்திவிடும். இரண்டையும் ஒருங்கே ஏற்கும் பயிற்றுவிப்பே, பிரிவுத் தலைவி போன்றோர் தம் குழுவை நம்பி ஓர் அறிக்கையைத் திருத்தாமல் விட்டு, இரவில் நிம்மதியாக உறங்கும் நிலைக்கு அவர்களைக் கொண்டுசேர்க்க வல்லது.